ஒரு பெட்டி கார்பைன்

இசக்கியப்பன் ஐயா ஒருநாள்கூட ராணுவத்தில் இருந்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சுரண்டையில் அவருடைய மாமனார் வீட்டுத் தெருவில் போய் விசாரித்தால், கார்கில் மலையில் அவர் எத்தனை பேரைச் சுட்டார் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்வார்கள். பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "ஆர்மரர்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் காதில் "ஆர்மி" என்று விழுந்துவிட்டது. இரண்டாம் தரம் விளக்கப் போனால், "சரிதாம்யா, ஆர்மிதான, கேட்டாச்சு" என்று காப்பியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷமாக அந்தத் தெருவுக்கு அவர் மிலிட்டரி மாப்பிள்ளை. அவர் மனைவி பேராச்சி அக்காவுக்கே, கல்யாணமாகி முதல் தடவை காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் ஆள் போலீஸ் என்று தெரியுமாம்.

ஆர்மரர் என்றால் போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பழுது பார்த்து, பத்திரமாக வைத்திருக்கிறவர். சுடுகிறவர் இல்லை. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அவர் சுட்டதெல்லாம் மண்மேட்டில் ஒட்டிய காகிதத்தைத்தான். அதுவும் துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

என் பெயர் ரூபி. ஆயுதப்படையில் முதல்நிலைக் காவலர். எங்கள் அலுவலகம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான இடத்தைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். துப்பாக்கி தூக்குவதைவிட டைப் அடிப்பதுதான் என் வேலை. தமிழ் டைப்பிங் ஹையர், முதல் வகுப்பு. எங்கள் ஆபீசில் ஒரு பய ஒற்று சரியாகப் போட மாட்டான். எல்லாவற்றையும் நான்தான் திருத்த வேண்டும். திருத்தித் திருத்தி, பிழை இல்லாத இடத்திலும் கை தானாகப் போகிற அளவுக்கு வந்துவிட்டது.

என் அறைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆறு வருஷமாக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கியப்பன் ஐயா பேசுவதைக் கேட்டுக் கேட்டு, நானும் பாதி ஆர்மரர் ஆகிவிட்டேன்.

ஊர் முழுக்கச் சாரலுக்கு ஏங்கும். ஜூன் மாதம் தென்மேற்கே மேகம் கறுத்தால் ஆட்டோக்காரன் முதல் கலெக்டர் வரை முகம் மலர்ந்துவிடும். இவர் ஒருத்தருக்கு மட்டும் முகம் சுருங்கும். "வந்துட்டு பாரு சனியன்" என்பார். சாரல் என்றால் ஈரம், ஈரம் என்றால் துரு. மூன்று மாதம் கிடங்கில் குண்டு பல்பை அணைக்காமல் எரிய விட்டு, துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் குழாயிலும் கண்ணை வைத்துப் பார்ப்பார். மெட்ராஸ்காரனெல்லாம் அருவியில் குளிக்கக் கார் பிடித்து வருகிறான். இவர் வீடு அருவிக்குப் பக்கத்திலேயே, மேலகரம். சீசனில் அருவிப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். கேட்டால், "எனக்கு இங்கன நாப்பது பேரக் குளிப்பாட்ட வேண்டியதிருக்கு பிள்ள" என்பார். நாற்பது பேரும் இரும்பு.

புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்கு ஆயுதம் காட்டிக்கொடுக்கிற நாளில்தான் அவர் குரல் எடுப்பார். அன்றைக்கு நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைச் சுவரில் வைத்துக்கொள்வேன்.

"இது மஸ்கட். பாக்க ரைஃபிள் மாதிரியேதான் இருக்கும். ஆனா குழாய்க்குள்ள வழுவழுன்னு இருக்கும், வரி கிடையாது. ரைஃபிளுக்கு அந்தப் பேரு வந்ததே உள்ள சுத்திச் சுத்திப் போவுத வரியினாலதான். வரி இருந்தா ரவை சுழண்டுக்கிட்டு நேராப் போவும். வெள்ளக்காரன் போலீசுக்கு மட்டும் வரியில்லாததக் குடுத்தான். அதுலயும் ஒரு தடவைக்கு ஒரே ரவை. ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

"சிக்கனத்துக்கா ஐயா?" என்று ஒருவன் கேட்பான்.

"பயம்லே. ஒங்க பாட்டன் அதத் தூக்கிக்கிட்டு அவனுக்கு எதிராவே திரும்பிட்டாம்னா?"

பிறகு திரீ நாட் திரீ வரும். ஒவ்வொரு ரவைக்கும் பின்னால் இருக்கிற கைப்பிடியை இழுத்து இழுத்துத் தள்ள வேண்டும். இரண்டு பெரிய சண்டையை அது பார்த்துவிட்டது என்பார். அடுத்தது எஸ்.எல்.ஆர். அதில் இழுக்க வேண்டாம், விசையை அழுத்த அழுத்தச் சுடும். ஆனால் தோளில் உதைக்கிற உதையில் சாயங்காலம் தோசைக்கரண்டி பிடிக்க முடியாது. அதற்குப் பிறகு வந்தது இன்சாஸ். எடை குறைவு, ரவையும் சிறியது. "வயசாக ஆகத் துப்பாக்கி மெலியுது, ரவையும் மெலியுது. நாமதாம்ல தடிச்சுக்கிட்டே போவுதோம்" என்று சொல்லித் தன் வயிற்றைத் தட்டிக்கொள்வார். சுவர் வழியாகவே அந்தத் தட்டு எனக்குக் கேட்கும்.

கார்பைனுக்கு வந்தால்தான் கொஞ்சம் நீளும். "குதிரைக்காரன் நீளத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு என்ன செய்வான்? குதிரை காதுலதான் இடிக்கும். அதனால குழாயக் குட்டையாக்கினான். அதாம் கார்பைன். பொறவு குதிரை போச்சு, ஜீப்பு வந்துச்சு. ஜீப்புக்குள்ளயும் நீளம் இடிக்கத்தான செய்யும்? இந்தா, நம்ம நைன் எம்எம் கார்பைன். புஸ்தகப்படி பாத்தா இது கார்பைனே கிடையாது. பிஸ்டல் ரவையப் போட்டுப் படபடன்னு சுடுத குட்டி மெஷின்கன். நாமதான் கார்பைன் கார்பைன்னு கூப்பிட்டுப் பழகிட்டோம். இப்ப வருத புதுக் கார்பைன்ல ரைஃபிள் ரவையேதான். குழாய் மட்டும் குட்டை. மரம் கிடையாது, முக்கால்வாசி பிளாஸ்டிக்கு. மேல தண்டவாளம் மாதிரி ஒண்ணு ஓடும். அதுல லைட்ட மாட்டு, லென்ச மாட்டு, என்னத்தையும் மாட்டு."

"அப்ப ரைஃபிளுக்கும் கார்பைனுக்கும் என்னதான்யா வித்தியாசம்?"

"இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணும் இருக்காது போல இருக்கு. ரைஃபிளும் குட்டையாயிக்கிட்டே வருதுல்லா."

இவ்வளவு பேசுகிற மனிதர், கிடங்கில் ஒரு திருகாணி உருண்டு விழுந்தால் தரையில் மண்டியிட்டுத் தேடுவார். கிடைக்காமல் சாப்பிடப் போக மாட்டார். பெருமை என்று அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "முப்பத்தாறு வருசத்துல என் கையில இருந்து ஒரு திருகாணி காணாமப் போனதில்ல" என்பார். இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

இந்த வருஷம் ஜூலை முப்பத்தொன்று வியாழக்கிழமை அவருக்கு ஓய்வு. திங்கட்கிழமையே அவர் இடத்துக்கு வருகிற முகம்மது யூசுப் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி. ஒப்படைப்பு என்றால் வழக்கமாகத் துப்பாக்கிகளை மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரை சத்தமாக வாசித்தால்தான் ஆச்சு என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் டி.எஸ்.பி.யும் வந்து நின்றார்.

மஸ்கட், சரி. ரைஃபிள், சரி. ஒன்பது எம்எம் கார்பைன் எட்டு. நம்பர் வாசிக்க வாசிக்க, இசக்கியப்பன் ஐயா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எட்டும் சரி. எண்ணெய் டப்பா, திருப்புளி, குழாய் துடைக்கிற கயிறு எல்லாம் சரி. கடைசிப் பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. யூசுப் வாசித்தார்: "கார்பைன் பெட்டி, ஒன்று."

கார்பைன் எட்டும்தான் ஏற்கெனவே எண்ணியாகிவிட்டதே.

"ஒரு பெட்டியில எத்தனை கார்பைன் வரும்?" என்று டி.எஸ்.பி. கேட்டார்.

யூசுப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனைன்னு போடல சார். நம்பரும் போடல."

"நம்பர் இல்லாத கார்பைனா?" டி.எஸ்.பி.யின் முகம் வெளுத்துவிட்டது. "இசக்கியப்பன், அந்தப் பெட்டி எங்கே?"

அந்தப் பட்டியல் 2019 கடைசியில் புது மாவட்டம் பிரிந்தபோது தயாரானது. என்னென்ன சாமான் எங்களுக்கு வருகிறது என்று இசக்கியப்பன் ஐயா கையால் எழுதினார். அதைப் பார்த்து நான் டைப் அடித்தேன். அவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். ஆகவே பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு. வருஷா வருஷம் சோதனைக்கு வருகிற அதிகாரிகள் துப்பாக்கிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசிப் பக்கம் வரை வந்த முதல் மகராசன் யூசுப்தான்.

இசக்கியப்பன் ஐயா பட்டியலை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு, "தேடுதேன் ஐயா" என்றார். அவ்வளவுதான்.

"புதன்கிழமைக்குள்ள கிடைக்கணும். இல்லேன்னா நான் மேலே எழுதியாகணும். ஆயுதம் காணோம்னா, ரிட்டயர் ஆகிற அன்னைக்கே சஸ்பெண்ட் ஆர்டர்தான் வரும். எனக்கு வேற வழியில்ல" என்று டி.எஸ்.பி. சொன்னார். என்னைப் பார்த்து, "ரூபி, அந்தப் பழைய கையெழுத்து லிஸ்ட்டை ரெக்கார்டு ரூம்ல இருந்து எடும்மா" என்றார்.

கடைசி நாளில் சஸ்பெண்ட் என்றால் என்ன என்று போலீஸ் குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள். ஓய்வும் கிடையாது, வேலையும் கிடையாது. விசாரணை முடிகிற வரை வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். அதுவும் திருகாணி விழுந்தால் சோறு இறங்காத மனிதருக்கு, ஒரு பெட்டி ஆயுதத்தைத் தொலைத்தவர் என்று பட்டம்.

செவ்வாய்க்கிழமை விஷயம் ஐந்தருவியில் பந்தோபஸ்தில் நிற்கிறவன் வரைக்கும் போய்விட்டது. ஒருவன் பத்துத் துப்பாக்கி என்றான், ஒருவன் ஐம்பது என்றான். இந்நேரம் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குப் போயிருக்கும் என்று ஒருவன் சொல்ல, வாயைக் கழுவச் சொல்லிவிட்டு வந்தேன். யூசுப் ஒரு பக்கம், வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப்படைக் கார்பைனாக இருக்குமோ என்று சந்தேகத்தைக் கிளப்பினார். அப்படியானால் அருங்காட்சியகத்துக்கு வேறு எழுத வேண்டும் என்று டி.எஸ்.பி. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இத்தனை அமளியிலும் இசக்கியப்பன் ஐயா எங்கே தேடினார் தெரியுமா? கிடங்கில் இல்லை. ஸ்டேஷனரி அலமாரிக்குப் பின்னால். பழைய டைப்ரைட்டர்களும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கிற சந்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, துப்பாக்கிய யாராச்சும் பேப்பர் அலமாரியிலயா வைப்பாங்க?"

"நீ ஒன் சோலியப் பாரு பிள்ள" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது.

ரெக்கார்டு ரூமில் நானும் தேடினேன். கூரை ஒழுகி, 2019 கட்டுகள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. சாயங்காலம் வரை தும்மியதுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் ஜஸ்டினுக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. புதன்கிழமை காலையில் ஆறரை மணிக்கு அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு அப்படியே தென்காசி பஸ் பிடிக்கலாம் என்று போனால், கடை வாசலில் ஒரு டெம்போ நிறைய மஞ்சள் பூசணி. ஏற்ற வேண்டியதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டின் என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க டீச்சர். புளியறை ஏவாரி திருப்பி அனுப்பிட்டான். நல்லா இருங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"போன்ல ஆர்டர டைப் பண்ணி ஒன்கிட்டக் குடுத்தேனா? நான் என்ன போட்டிருந்தேன்? தடியங்காய். நீ என்னவா ஆக்கி அனுப்பின? பூசணிக்காய்."

"தடியங்காய்னு எழுதினா வெளியூர்க்காரனுக்குப் புரியாதுன்னு திருத்தினேன். வெள்ளைப் பூசணிதான அது?"

"அது ஒனக்குத் தெரியும். ஏத்துதவனுக்குத் தெரியுமா? பூசணின்னா அவன் மஞ்சளத்தான் ஏத்துவான். ஏட்டி, எழுதினவன் தெரிஞ்சுதான் எழுதியிருப்பான்னு ஒருநாளாவது நினைச்சிருக்கியா நீ?"

மற்ற நாளாக இருந்தால் மார்க்கெட் என்று பார்க்காமல் பதில் கொடுத்திருப்பேன். ஆனால் ஆறு வருஷத்துக்கு முந்தி, ஒரு கடைசிப் பக்கத்தில், சிவப்புப் பேனாவை நான் எடுத்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. காப்பியை அவர் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆபீசில் யாரும் வருவதற்கு முன்னால் ரெக்கார்டு ரூமைத் திறந்தேன். வயிற்றில் பயம் இருந்தால் கண் கூர்மையாகிவிடும் போல. முதல் நாள் முழுக்கக் கிடைக்காத கட்டு அரை மணி நேரத்தில் கிடைத்தது. பதினான்கு பக்கம், இசக்கியப்பன் ஐயாவின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் நீல மையில் அழகாக எழுதியிருந்தார்: கார்பன் பெட்டி, ஒன்று. அந்த "ப"வுக்கு முன்னால் சிவப்பு மையில் ஒரு ஐகாரக் கொம்பு. என் கொம்பு.

கார்பன் பேப்பர். ரசீது எழுதும்போது நடுவில் வைக்கிற கறுப்புத் தாள். துப்பாக்கியைப் பற்றிப் பதின்மூன்று பக்கம் டைப் அடித்துவிட்டுக் கடைசியில் கார்பன் என்று பார்த்ததும், பாவம், ஐயா கார்பைனுக்குக் கொம்பு போட மறந்துவிட்டார் என்று நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு கொம்பில் ஒரு பெட்டித் தாளைத் துப்பாக்கி ஆக்கிவிட்டேன். எந்தத் தொழிற்சாலையிலும் இவ்வளவு சீக்கிரம் செய்ய முடியாது.

சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் ஏட்டு பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. அதில் என் பெயர் நான்காவது. ஆயுதப் பட்டியலைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றியவள் என்று மெமோ வந்தால் அது போயிற்று. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கிழித்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை ஏன் மறைக்க வேண்டும்? நினைத்தேன்.

அப்போது பக்கத்துச் சந்தில் ஏதோ இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இசக்கியப்பன் ஐயா. உடைந்த நாற்காலிகளுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்புத் தாள்கள் ஈரத்தில் ஒட்டிப் பலகை போல ஆகியிருந்தன.

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்யா?" என்று கேட்டேன்.

"யூசுப் வாசிச்ச அன்னைக்கே. நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்ல வேண்டியதுதான? ரெண்டு நாளா ஊரே ஒங்கள..."

"சொன்னா, பெறவு யாரு மாத்தினான்னு அடுத்த கேள்வி வரும்லா. ஒன் பேரு லிஸ்ட்டுல நாலாவதா இருக்கு." பெட்டியின் தூசியைத் துண்டால் தட்டினார். "இப்பப் பெட்டி கெடைச்சிட்டு. நான் அவசரத்துல கோழிக் கிறுக்கலா எழுதிட்டேன், டைப் அடிச்ச பிள்ளைக்குக் கார்பைன்னு தெரிஞ்சிருக்குன்னு சொல்லிருதேன். ரிட்டயர் ஆவப்போற மனுசன், ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாங்க. நீ அந்த லிஸ்ட்டு கெடைக்கலன்னு சொல்லிரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு டி.எஸ்.பி. அறையை நோக்கி நடந்துவிட்டார்.

அங்கே யூசுப்பும் இருந்தார். பெட்டியைத் திறந்து காட்டியதும் டி.எஸ்.பி. நெடுநேரம் அந்தக் கறுப்புப் பலகையைப் பார்த்தார். யூசுப் விரலால் தொட்டுப் பார்த்து, விரலைத் துடைக்க இடம் தேடினார். இசக்கியப்பன் ஐயா, சொன்னபடியே, எழுத்து மோசம், தப்பு என்னுடையது என்று ஒப்பித்தார். மனிதருக்குத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரியுமே தவிர, பொய் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்க எழுத்தா மோசம்?" என்று டி.எஸ்.பி. கேட்டார். "இந்த ஜில்லாவுல யாருக்கு வாழ்த்துப் பத்திரம் எழுதணும்னாலும் உங்ககிட்டத்தானே வர்றாங்க. நான் இங்கே வந்தப்போ எனக்கு எழுதினதும் நீங்கதானே?"

"அது மெதுவா எழுதினது ஐயா."

"ஒரு ஆர்மரர் துப்பாக்கி லிஸ்ட்டை அவசரமா எழுதுவாரா? அப்படின்னா அதுக்கும் நான் ரிப்போர்ட் எழுதணுமே. கவனக்குறைவுன்னு உங்க சர்வீஸ் புத்தகத்துல ஏறும்."

இசக்கியப்பன் ஐயாவின் முகம் அப்போதுதான் மாறியது. ஏச்சுக்குத் தயாராக வந்திருந்தார். புத்தகத்தில் ஏறும் என்று நினைக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாத புத்தகம். ஆனாலும் வாயைத் திறந்து, "சரிங்கையா" என்றார்.

அந்தச் "சரிங்கையா"வை என்னால் தாங்க முடியவில்லை. பட்டியலை மேஜைமேல் வைத்தேன். "எழுத்துல ஒரு தப்பும் இல்ல ஐயா. அந்தச் சிவப்புக் கொம்பு நான் போட்டது" என்றேன்.

டி.எஸ்.பி. தாளை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். யூசுப்பும் எட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தது யூசுப்தான். பிறகு டி.எஸ்.பி.யால் அடக்க முடியவில்லை. "குதிரைப்படை வரைக்கும் போயிட்டோமேய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் போலீஸ்காரர் ஆகிவிட்டார்.

"திருத்தினவங்க பக்கத்துல இனிஷியல் போடணும்னு விதி இருக்கே. ஏன் போடல?"

"திருத்துதோம்னே நினைக்கல ஐயா. விட்டுப்போனதப் போடுதோம்னு நினைச்சேன்."

"இசக்கியப்பன், நீங்க ஏன் வாசிக்காமக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ரூபி டைப் அடிச்சா சரியா இருக்கும்யா" என்றார் அவர்.

எனக்கு எச்சரிக்கை மெமோ. பதவி உயர்வு ஆறு மாதம் தள்ளிப் போகும். பதினான்கு பக்கத்தையும் அன்றைக்கே புதிதாக டைப் அடித்துத் தர வேண்டும். இசக்கியப்பன் ஐயாவின் புத்தகத்தில் ஒன்றும் ஏறாது, வியாழக்கிழமை அவர் போகலாம். ஆறு மாதம் என்றதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அன்று மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் புதுப் பட்டியலைக் கொண்டுபோய் அவர்முன் வைத்தேன். மாலை, பொன்னாடை எல்லாம் மேஜையில் காத்திருந்தன. பேராச்சி அக்கா பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுரண்டையிலிருந்து வந்த அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர், மிலிட்டரிக்காரருக்குப் போலீஸ் ஆபீசில் ஏன் விழா வைக்கிறார்கள் என்று யூசுப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் ஐயா கண்ணாடியை மாட்டினார். முதல் வரியில் விரலை வைத்தார். வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். டி.எஸ்.பி. கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. இத்தனை பேர் முன்னால்.

"இப்ப என் மேல நம்பிக்கை போயிட்டு, அப்படித்தானேய்யா?" என்று குனிந்து கேட்டேன்.

"அன்னைக்கு நம்பி வாசிக்காம விட்டேன். ஒனக்குத்தான மெமோ வந்துச்சு" என்றார், விரலை எடுக்காமல். "நான் வாசிச்சிருந்தா வந்திருக்காதுல்லா."

பக்கத்தில் நின்றேன். ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. குழாய் துடைக்கிற கயிற்றுக்கு அவர்கள் சொல்கிற பெயர் புல்த்ரூ. குழாய்க்குள் விட்டு இழுப்பதால் அந்தப் பெயர். நான் அடித்திருந்தது: "புல் துரு, நாற்பது."

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் திருத்தியதாக எனக்கு நினைவே இல்லை. கையே செய்திருக்கிறது.

இசக்கியப்பன் ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "முப்பத்தாறு வருசமா தொடச்சுத் தொடச்சு வச்சேன். போவுத அன்னைக்கு நாப்பது துருவ என் தலையில கட்டுதியே பிள்ள" என்றார்.

"வேற அடிச்சுட்டு வாரேன்யா" என்று தாளை இழுத்தேன். அவர் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். துருவை ஒரு கோட்டால் அடித்து, மேலே முத்து முத்தாகச் சரியான பெயரை எழுதினார். திருத்தம் யாருடையது என்று நாளைக்கு எந்த அதிகாரி கேட்டாலும் என் பெயர் வராதபடி, பக்கத்தில் தன் இனிஷியலைப் போட்டார். பிறகு பத்தாம் பக்கத்தைத் திருப்பினார்.